பானெட்டைத் திறந்தால்தான் பாசம்

(பழைய கார்க்காரர்கள் கடலூரில் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியது. பேச்சில் வந்த இருமலையும் மைக் தகராறையும் மட்டும் எடுத்துவிட்டேன்.)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாநகராட்சி மன்ற உறுப்பினர் அவர்களே, புதுச்சேரியிலிருந்து தென்பெண்ணைப் பாலம் தாண்டி, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தையும் விட்டு வந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கத்து அண்ணன் அவர்களே, அந்தப் பொன்னாடையை இந்த வெயிலில் தோளிலேயே வைத்திரு என்று சைகை காட்டும் வரவேற்புக் குழுச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் அண்ணி அவர்களே, வண்டியைத் தனியே விட்டு உள்ளே வர மனமில்லாமல் வாசலிலேயே நிற்கும் நண்பர்களே, மோட்டார் தொழிலாளர் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் திட்டுங்கள், இங்கே வேண்டாம்.

ஒரு மனிதருக்கு ஒரு குறிப்பிட்ட பழைய கார்மேல் மட்டும் ஏன் இப்படிப் பைத்தியம் பிடிக்கிறது? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று காரணம் சொல்லப் போகிறேன். கண், கை, காலம். எனக்குப் பிடித்த பழமொழி ஒன்று உண்டு, என் வீட்டில் அதைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார்கள். உடையவன் பாராப் பயிர் உருப்படாது. அதையும் வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.

தலைவர் ஐயா அம்பாசிடரைப் புகழ்ந்து பேசினார். எனக்கு மறுப்பு இல்லை. மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற இங்கிலாந்துக் காரை வங்காளத்து உத்தர்பாராவில் நம் ஊர்க் காராக மாற்றி, 2014 வரைக்கும் விடாமல் ஓட்டினார்கள். 2017இல் அந்தப் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரெஞ்சுக்காரர்களின் பெஜோ கம்பெனி வாங்கியது. புதுச்சேரிப் பேராசிரியர் சிரிக்கிறார். சிரியுங்கள் சார், உங்கள் ஊர்ப் பிரெஞ்சுக் கார்களைப் பற்றியும் கடைசியில் சொல்கிறேன். ஆனால் நான் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக் கட்சி. அது நம் சென்னைக் கார் ஐயா! வண்டலூரில் தொழிற்சாலை, 1961 முதல் இங்கே ஓடிய வண்டி.

முதலில் கண். டிரையம்ப் ஹெரால்டாக 1959இல் இங்கிலாந்தில் வந்தபோது அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர், ஜொவானி மிக்கெலொட்டி. கூர்மையான ஓரம், கண் இமை வைத்த முன்விளக்கு. அழகுதான், அதிலே பேச ஒன்றும் இல்லை. அழகான கார் நூறு உண்டு, எல்லாவற்றையும் யாரும் கட்டிக்கொண்டு அழுவதில்லை.

விஷயம் கையில் இருக்கிறது. ஹெரால்டின் பானெட் முழுசாக, இரண்டு பக்க மட்கார்டோடு சேர்த்து, முதலை வாயைத் திறப்பது மாதிரி முன்பக்கமாகத் திறக்கும். நீங்கள் முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினைப் பார்க்கலாம். டைனமோ, டிஸ்டிரிபியூட்டர், கார்புரேட்டர் எல்லாம் கண்முன்னே. ஏன் அப்படி அமைந்தது தெரியுமா? அது ஒரு பங்காளிச் சண்டை. ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்ட் டிரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. முழு பாடியாகச் செய்து தர வேறு சரியான ஆள் அமையவில்லை. சரி என்று, அடியில் சேஸிஸ் என்கிற இரும்புச் சட்டத்தைத் தனியாகப் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட்டில் மாட்டினார்கள். அந்த பி.எம்.சி. யார்? மாரிஸ் கம்பெனிக்கு முதலாளி, அதாவது அம்பாசிடரின் தாய்வீடு! தலைவர் ஐயா மன்னிக்க வேண்டும், எங்கள் ஹெரால்டைக் கழற்றி மாட்டும் வண்டியாக ஆக்கிய புண்ணியம் உங்கள் வீட்டாருக்குத்தான்.

குறை இல்லையா? உண்டு. வளைவில் வேகமாகப் போனால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும், வயிற்றைப் பிசையும். ஆனால் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். பாடலீஸ்வரர் கோயில் சன்னதித் தெருவில் தேர் நாளன்று திருப்பிக் காட்டுகிறேன், எந்தப் புதுக் காராவது வரட்டும்.

இப்போது அண்ணியின் கதை. அவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுகிறார், கூட்டம் சொல் சொல் என்கிறது. எழுபதுகளின் கடைசி, தை மாதம். அண்ணனுக்குப் பெண் பார்க்க மஞ்சக்குப்பத்திலிருந்து பண்ருட்டிக்குப் புறப்பட்டோம். வண்டி ஹெரால்டு மார்க் த்ரீ மாடல். இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான், நம் ஆட்கள்தான் குடும்பம் ஏறி இறங்கட்டும் என்று நாலு கதவு வைத்தார்கள். அதனால்தான் என் அத்தை உள்ளே ஏற முடிந்தது. முன்னால் அப்பாவும் அண்ணனும். பின்னால் அம்மா, அத்தை, பூக்கூடை, பழத்தட்டு, அத்தை மடியில் நான்.

நெல்லிக்குப்பம் தாண்டுவதற்குள் சடார் என்று ஒரு சத்தம், அப்புறம் ஆவி. ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. பெல்ட் நைந்திருக்கிறது என்று மெக்கானிக் தீபாவளிக்கே சொல்லியிருந்தார். அப்பா பொங்கல் கழியட்டும் என்றார். பொங்கலும் கழிந்தது, பெல்ட்டும் கழிந்தது. உடையவன் பாராப் பயிர்!

பானெட்டைத் தூக்கியதும் ஊர் கூடிவிட்டது. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன மாட்டுவண்டிகள் வரிசையாக நின்றன. ஆளுக்கொரு யோசனை. ஒரு பெரியவர் கரும்புத் தோகையை முறுக்கிக் கட்டச் சொன்னார். அத்தை தன் பாவாடை நாடாவைத் தருவதாகச் சொன்னார், அம்மா அவர் வாயைப் பொத்தினார். கடைசியில் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் பழைய டியூபைக் கீறி எடுத்து வந்தார். அண்ணன் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டயர்மேல் ஏறி உட்கார்ந்து, டியூபை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான். ஊரைக் கூட்டிக்கொண்டு, மாட்டுவண்டி வேகத்தில், வழியெல்லாம் நின்று தண்ணீர் ஊற்றி, ராகுகாலம் தொடங்கிய பிறகு போய்ச் சேர்ந்தோம்.

மாப்பிள்ளை நெற்றியில் விபூதி, கையில் கிரீஸ், வேட்டியில் ஆயில். பெண்ணின் அப்பா ஏற இறங்கப் பார்த்தார். சம்பளம் கேட்பார் என்று அப்பா காத்திருக்கிறார். அவரோ, "தம்பிக்கு எஞ்சின் வேலை தெரியுமா?" என்றார். முந்திரி மிதக்கும் கேசரியைக்கூடத் தொடவிடாமல் கொல்லைக்குக் கூட்டிப்போய்விட்டார். அங்கே கிணற்றடியில் ஆயில் எஞ்சின் ஒன்று நின்றுபோய்க் கிடக்கிறது. அண்ணன் டீசல் குழாயில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றி, கைப்பிடியைச் சுற்றினான். டுப் டுப் டுப்! தண்ணீர் வரப்புக்கு வந்ததும் தட்டை மாற்றிக்கொண்டார்கள். பெண்ணைப் பார்த்தது அதற்கு அப்புறம்தான். அண்ணியிடம் என்ன பிடித்தது என்று கேட்டால் இன்றைக்கும் "அந்த வெள்ளைக் கார்" என்பார். அண்ணன் இருக்கிறபோதே சொல்வார். (கைதட்டல்.)

அந்தக் கதையில் கார் பாதிதான், மீதி அந்தச் சைக்கிள் கடைக்காரர். இங்கேதான் நான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 50 வயது தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிக்கு விண்டேஜ் பதிவு தருகிறோம் என்று 2021இல் மத்திய அரசு விதி போட்டது. விஏ என்ற எழுத்தோடு தனி நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். நல்லது. நம்பர் பலகை கிடைத்துவிடும். எஞ்சினுக்குத் தீப்பொறி தருகிற பாயிண்ட் இடைவெளியைக் காதால் கேட்டுச் சரிசெய்கிற ஆள் எங்கே கிடைப்பார்? கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கிற அப்படிப்பட்ட மேஸ்திரிகள் எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. கற்றுக்கொள்ள ஒரு பையன்கூடப் பக்கத்தில் இல்லை.

என் கோரிக்கை எளிது. அரசு ஐடிஐயில் மாலை நேரத்தில், பழைய எஞ்சின் வேலைக்கு ஒரு வகுப்பு. பாடம் நடத்த அந்த மேஸ்திரிகள். இதற்காக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அவர்களிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார்கள். கிரீஸ் பிடித்த கையைக் காட்டினால் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டேன், மனுவாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். அந்த மனுவை இன்னும் யாரும் பார்க்கவில்லை. உடையவன் பாராப் பயிர் என்று மறுபடி சொல்ல மாட்டேன், மாநகராட்சி உறுப்பினர் மேடையிலேயே இருக்கிறார். வகுப்புக்கு இடம் இல்லை என்றால் என் ஹெரால்டைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன். பையன்கள் கழற்றட்டும், திருப்பி மாட்டினால் போதும்.

மூன்றாவது காரணம் காலம் என்றேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், அவருடைய காலம் முக்கியம். பேராசிரியர் ஐயாவின் பிரெஞ்சுக் கார்களுக்கும் இன்னொரு மேடை கொடுங்கள். வாசலில் மேசைமேல் கையெழுத்துத் தாள் இருக்கிறது. ஐடிஐ வகுப்புக்கு ஆதரவாக, பெயரைத் தமிழில் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மேசையில் இருப்பவை வரவேற்புக் குழுவின் பேனாக்கள், போகும்போது கொடுத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.