குத்துக்கல்லும் குள்ளர் கதையும்

நேயர்களுக்கு வணக்கம். சேலம் வட்டாரத்துப் பழங்கற்களைப் பற்றியும், அவற்றைக் குறித்து ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் கதைகளைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

தனியே ஊன்றி நிறுத்திய உயரமான கல்லை நாம் குத்துக்கல் என்கிறோம். தொல்லியலார் நெடுங்கல் என்பர். பலகைக் கற்களை நாற்புறமும் நிறுத்தி மேலே மூடுகல் பரப்பியது கல்திட்டை. அதே அமைப்பு மண்ணுக்குள் புதைந்திருந்தால் கல்பதுக்கை. இவை பெரும்பாலும் இரும்புக் கால மக்கள் இறந்தோருக்காக எழுப்பிய ஈமச் சின்னங்கள். வீரனின் உருவமும் எழுத்தும் பொறித்த நடுகற்கள் பெரும்பாலும் பிற்காலத்தவை. மேட்டூரை அடுத்த மாங்காட்டில் இரும்புக் கால ஈமக்குழி ஒன்றில் கிடைத்த இரும்பு வாளின் காலம் ஏறத்தாழ கி.மு. 1500 என்று அறிவியல் முறையில் கணிக்கப்பட்டிருக்கிறது.

ஊராரோ இவற்றைக் கல்லறை என்று சொல்வதில்லை. வனவாசத்தின்போது பாண்டவர் தங்கிய வீடு என்பது ஒரு கதை. முற்காலத்தில் குள்ளர்கள் வாழ்ந்தார்கள், வானத்திலிருந்து நெருப்பு மழை பொழிந்தபோது கல்லால் வீடு கட்டி அதற்குள் பதுங்கினார்கள் என்பது மற்றொரு கதை. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் கல்திட்டை ஒன்றின் முன் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பலவற்றில் பக்கப் பலகைகளுள் ஒன்றில் வட்டமாக ஒரு துளை இருக்கும். வளர்ந்த ஆள் ஒருவர் அதில் தோளை நுழைப்பதே கடினம். வீடு போன்ற கூரையும் சுவரும் இருக்க, வாசல் மட்டும் இவ்வளவு சிறிதென்றால் குடியிருந்தவர் உருவம் எப்படியிருக்கும் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். முடிவு தவறாக இருக்கலாம். பார்வை கூர்மையானது என்றே சொல்வேன்.

சேர்வராயன் மலையில் இன்னும் சுவையான செய்தி ஒன்று உண்டு. இங்குள்ள, மலையாளி எனப்படும் பழங்குடியினர், நிலத்தில் அகப்பட்ட புதிய கற்காலக் கோடரிகளைச் சிறு பிள்ளையார் கோயில்களில் வைத்து வணங்கி வந்தனர். உள்ளங்கையில் அடங்கும் கல், ஒரு முனை அகன்று, கைவிரலில் வழுக்கும்படி தேய்த்துத் தீட்டப்பட்டிருக்கும். அது தானாக விளைந்த கல் அன்று என்பது தொட்டவுடன் தெரியும். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் பூட், பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்து இம்மலையின் கற்கருவிகளையும் சேகரித்தார். அவரது தொகுப்பு சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

பக்தி அக்கோடரிகளைச் சிதறாமல் காத்தது. ஆனால் எந்தக் காட்டில், எந்த ஆழத்தில் கிடைத்தன என்ற விவரம் கோயிலுக்கு வந்த அன்றே தொலைந்துபோனது. (அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் இதே குறையுடன் பல பொருள்கள் இருக்கின்றன.) ஆகையால் உங்கள் ஊர் எல்லையில் ஒரு குத்துக்கல்லோ கல்திட்டையோ இருந்தால் அதைப் பெயர்க்காமல், அந்த இடத்துக்கு மூத்தவர்கள் வழங்கும் பெயரையும் அதன் கதையையும் அவர்கள் சொன்னபடியே எழுதி, இருக்கும் இடத்தின் குறிப்போடு தொல்லியல் துறைக்கு அனுப்பிவையுங்கள்.