அஃபிலியேட் திட்டம்: எதில் சேரலாம், எதை விடலாம்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். நாம் கொடுக்கும் லிங்க் வழியாக ஒருவர் பொருள் வாங்கினால் நமக்குக் கமிஷன் தருவதுதான் அஃபிலியேட் திட்டம். மிக்ஸி, கிரைண்டர் போன்ற சமையலறைச் சாதனங்களைப் பயன்படுத்திக் காட்டும் சேனல் ஒன்றை நடத்தும் சகோதரி இப்படிக் கேட்டிருக்கிறார்: "அமேசான் அஃபிலியேட் திட்டத்தில் கமிஷன் மிகவும் குறைவு. வேறொரு நிறுவனம், 5,000 ரூபாய் கட்டி அவர்களுடைய பயிற்சி வகுப்பை வாங்கினால், பிறகு நான் சேர்த்துவிடும் ஒவ்வொருவருக்கும் 70 சதவீதம் தருவதாகச் சொல்கிறது. எதில் சேரலாம்?"

இரண்டாவதில் சேர வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சகோதரி. எந்தத் திட்டமானாலும், நமக்கு வரும் பணம் யாருடைய கையிலிருந்து, எதற்காக வருகிறது என்று பாருங்கள். உங்கள் லிங்க் வழியாகக் கிரைண்டர் வாங்கியவர் வீட்டில் மாவு அரைத்துக்கொள்வார். அவர் இன்னொருவரைச் சேர்த்துவிட வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பயிற்சி வகுப்பை வாங்கியவரோ, கட்டிய பணத்தை மீட்க வேண்டுமென்றால் அதே வகுப்பை அடுத்தவர் தலையில் கட்டியாக வேண்டும். ஆள் சேர்ப்பதை வைத்தே பணம் சுழலும் திட்டங்களைத் தடுக்க நம் நாட்டில் 1978ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. முறையான அஃபிலியேட் திட்டம் எதிலும் சேருவதற்குக் கட்டணம் கேட்க மாட்டார்கள். உங்களை நம்பிப் பார்க்கும் பெண்களின் சேமிப்பு இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கவலை.

இப்போது கமிஷன் குறைவு என்ற கணக்குக்கு வருவோம். 6,000 ரூபாய் விலையுள்ள டேபிள் டாப் கிரைண்டருக்கு 4 சதவீதம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு விற்பனைக்கு 240 ரூபாய்; உங்கள் லிங்க்கை அழுத்தும் 100 பேரில் இரண்டு பேர் வாங்கினாலும் 480 ரூபாய் வருகிறது. வெப் ஹோஸ்டிங் (இணையதளம் நடத்துவதற்கான சர்வர் இடம்) விற்கும் திட்டம் ஒரு விற்பனைக்கு 2,000 ரூபாய் தருவதாக இருந்தாலும், இட்லி மாவுப் பதம் பார்க்க வந்தவர்களில் அதை வாங்குவதற்கு யார் இருக்கிறார்கள்? ஆகையால் சதவீதத்தைவிட, உங்களிடம் வருபவர்கள் ஏற்கெனவே எதை வாங்க நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

அடுத்ததாக, சேருவதற்கு முன் விதிமுறைகள் பக்கத்தை முழுவதும் படியுங்கள். பலரும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். அமேசானில், உங்கள் லிங்க்கை அழுத்தியவர் 24 மணி நேரத்துக்குள் பொருளைக் கார்ட்டில் சேர்த்தால்தான் அந்த விற்பனை உங்கள் கணக்கில் வரும். பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டால் அதற்கான கமிஷனும் போய்விடும். நீங்களே உங்கள் லிங்க்கில் வாங்குவதற்குக் கமிஷன் கிடையாது. பணமும் அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாட்கள் கழித்தே வரும் என்பதால், வீட்டு வாடகைக்கு இந்தப் பணத்தை நம்பி இறங்காதீர்கள்.

விகிதங்களும் நிரந்தரமானவை அல்ல. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான், மரச்சாமான்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகவும், மளிகைப் பொருட்களுக்கு 5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகவும் குறைத்தபோது, அதை மட்டுமே நம்பியிருந்த தளங்களின் வருமானம் ஒரே நாளில் சரிந்தது. அதனால் அமேசானில் தொடங்கிய பிறகு, நீங்கள் உண்மையிலேயே பயன்படுத்தும் கிரைண்டர் அல்லது பாத்திர நிறுவனம் நேரடியாக அஃபிலியேட் திட்டம் வைத்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. லிங்க் வழியாக வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் கிடைக்கும் என்பதை வீடியோவிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். டிஸ்கிரிப்ஷனின் கடைசி வரியில் ஒளித்துவைப்பது பார்ப்பவர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. பான் எண்ணையும் சரியாகக் கொடுங்கள். கமிஷனுக்கான டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) 2024 அக்டோபரிலிருந்து 5 சதவீதத்துக்குப் பதிலாக 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. பான் எண் இல்லையென்றால் 20 சதவீதம் வரை பிடித்துவிடுவார்கள்.