புறா கால்ல இன்டர்நெட், 418 டீபாட்: நிஜமா, கட்டுக்கதையா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நண்பர் வாட்ஸாப்ல வந்த ஒரு ஃபார்வர்டை அப்படியே போட்டுக் கேட்டிருக்கார். அதுல என்ன இருக்குன்னா, “நார்வேல புறா கால்ல கட்டி இன்டர்நெட் அனுப்பினாங்க, அது பிராட்பேண்டையே ஜெயிச்சிடுச்சு. இன்டர்நெட்ல 418-னு ஒரு எரர் இருக்கு, அதுக்கு அர்த்தம் ‘நான் ஒரு டீபாட்’.” இதெல்லாம் நிஜமா, இல்ல சும்மா அடிச்சு விட்டதா, நாமளே பாத்துத் தெரிஞ்சுக்க வழி இருக்கான்னு கேக்கறார்.

புறா நிஜம். டீபாட்டும் நிஜம். ஆனா “நார்வே புறா பிராட்பேண்டை ஜெயிச்சது”ங்கறது தப்பு. ரெண்டு வேற வேற நாட்டுச் சம்பவத்தை ஒண்ணாத் தச்சு அனுப்பிட்டாங்க. நார்வே புறா ஜெயிக்கல, ரொம்ப மோசமாத் தோத்துச்சு. அதுதான் அதுல அழகே.

முதல்ல அடிப்படை. இன்டர்நெட் எப்படி வேலை செய்யணும்னு விதிமுறை எழுதி வெச்சிருக்கற ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி-ன்னு பேர். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் உண்டு. இந்த வரிசையிலயே ஏப்ரல் 1-ம் தேதிக்குன்னு ஜோக் ஆவணங்களும் வெளியாகும். 1978-ல 748-ம் நம்பர்ல ஆரம்பிச்ச பழக்கம் அது. புறா ஆவணத்தோட நம்பர் 1149, எழுதினவர் டேவிட் வைட்ஸ்மன், தேதி 1990 ஏப்ரல் 1. டேட்டா பாக்கெட்டை (டேட்டாவைத் துண்டு துண்டா அனுப்பறதுல ஒரு துண்டு) ஹெக்ஸ் எழுத்துல, அதாவது ஒரு பைட்டுக்கு ரெண்டு எழுத்துன்னு, ஒரு சின்னத் துண்டுக் காகிதத்துல பிரின்ட் பண்ணணும், சுருட்டிப் புறாவோட ஒரு கால்ல சுத்தணும், டக்ட் டேப் போட்டு ஒட்டணும், அந்தப் பக்கம் போனதும் டேப்பைப் பிரிச்சு ஸ்கேன் பண்ணி மறுபடி டேட்டாவா மாத்தணும். ஒரு பாக்கெட்டோட உச்ச அளவு சாதாரணமா 256 மில்லிகிராம்னு வேற குடுத்திருக்கார். பைட் கணக்கு இல்ல, எடைக் கணக்கு! மூஞ்சியில சிரிப்பே காட்டாம எழுதியிருப்பார்.

11 வருஷம் கழிச்சு, 2001 ஏப்ரல் 28, நார்வேல பெர்கன் நகரத்து லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம்) பயனர் குழு இதை வரி பிசகாம செஞ்சே பாத்தாங்க. தூரம் சுமார் 5 கிலோமீட்டர். அவங்க ஓட்டினது பிங் கமாண்ட்தான், அந்தப் பக்கக் கம்ப்யூட்டர் பதில் சொல்லுதான்னு பாக்கறது. ஆனா மைனஸ் ஐ 900-னு போட்டு ஓட்டினாங்க. சாதாரணமா பிங் செகண்டுக்கு ஒரு பாக்கெட் அனுப்பும். 900-னு குடுத்தா 15 நிமிஷத்துக்கு ஒண்ணு. அப்படிப் போடலைன்னா செகண்டுக்கு ஒரு புறா வேணும்.

அந்த பிங் ரிசல்ட்டைப் பாருங்க. அனுப்பினது 9, பதில் வந்தது 4, இழப்பு 55 சதவீதம். கணக்குப்படி 55.5 வரும், தசமத்தை வெட்டிட்டாங்க. வேகமா வந்த பதிலுக்கு 32,11,900 மில்லி செகண்ட், அதாவது சுமார் 53 நிமிஷம். தாமதமா வந்தது 63,88,671 மில்லி செகண்ட், 1 மணி 46 நிமிஷம். சராசரி 87 நிமிஷம். அடுத்து வரிசை நம்பரைக் கவனிங்க: 0, 4, 2, 1. நாலாம் நம்பர் பாக்கெட், ரெண்டையும் ஒண்ணையும் முந்திட்டு வந்திருக்கு. இன்டர்நெட்ல பாக்கெட் அனுப்பின வரிசையிலயே போய்ச் சேரணும்னு கட்டாயம் இல்லன்னு பாடத்துல படிப்போமில்ல, அதை இதை விடத் தெளிவாக் காட்ட முடியாது.

சரி, பிங் ஓடிச்சே, ஒரு வெப்சைட்டை இதுல திறக்கலாமான்னா, முடியாது. பிங் பாக்கெட் மொத்தமே 84 பைட். ஹெக்ஸ்ல அடிச்சா 168 எழுத்து, சின்னக் காகிதத்துல அடங்கிடும். சாதாரண வெப் பாக்கெட் 1500 பைட் வரைக்கும் போகும், அது 3000 எழுத்து, அதை எந்தக் கால்ல சுத்தறது? அதுக்கும் மேல, வெப்சைட் திறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கம்ப்யூட்டரும் டிசிபி-ங்கற விதிமுறைப்படி கை குலுக்கிக்கணும், அதாவது ‘பேசலாமா’ன்னு கேட்டுப் பதில் வாங்கிக்கணும். இன்னைக்கு லினக்ஸ் அந்தப் பதிலுக்குச் சுமார் 2 நிமிஷம்தான் காத்திருக்கும், அப்புறம் டைம் அவுட் ஆயிடும். புறா கிளம்பி மரத்தைத் தாண்டறதுக்குள்ள கம்ப்யூட்டர் கையை விரிச்சிடும். பிங்குக்கு இந்தக் கை குலுக்கல் எல்லாம் கிடையாது, அதனாலதான் அது மட்டும் ஓடிச்சு.

பிராட்பேண்டை ஜெயிச்ச புறா வேற. அது தென்னாப்பிரிக்கா, 2009 செப்டம்பர், பேர் வின்ஸ்டன். கால்ல 4 ஜிபி மெமரி கார்டு. சுமார் 80 கிலோமீட்டரை 1 மணி 8 நிமிஷத்துல பறந்துச்சு. கார்டுல இருந்து டேட்டாவை இறக்கின நேரமும் சேத்து 2 மணி 6 நிமிஷம் 57 செகண்ட். அதே நேரத்துல அங்க இருந்த ஏடிஎஸ்எல் (டெலிபோன் வயர்ல வர்ற பிராட்பேண்ட்) லைன்ல போனது மொத்தத்துல 4 சதவீதம்தான். கணக்குப் போட்டா புறாவோட வேகம் சுமார் 4.2 எம்பிபிஎஸ், லைனோட வேகம் 0.17 எம்பிபிஎஸ்.

ரெண்டும் புறாதான், ஒண்ணு தோத்துச்சு, ஒண்ணு ஜெயிச்சுதே, ஏன்? நார்வேல அளந்தது தாமதம். தென்னாப்பிரிக்காவுல அளந்தது மொத்தமா எவ்வளவு டேட்டா வந்துச்சுங்கறது. தண்ணி லாரி வர லேட்டாகும், ஆனா வந்தா ஒரே நடையில 12,000 லிட்டரைக் கொட்டிடும். அதுக்காக வாய் கொப்பளிக்க லாரிக்குப் போன் பண்ண மாட்டோம். அந்த மாதிரிதான். இதை வெச்சு, “இப்ப 1 டிபி கார்டு கட்டினா ஃபைபரையே தாண்டிடும்”னு இன்னொரு ஃபார்வர்ட் சுத்துது. பறக்கற நேரத்தை மட்டும் வெச்சா 2 ஜிபிபிஎஸ் பக்கத்துல வரத்தான் செய்யும். ஆனா காப்பி பண்ற நேரத்தை விட்டுட்டாங்க. செகண்டுக்கு 100 எம்பி வேகத்துல 1 டிபி-யைக் கார்டுல ஏத்த 2 மணி 46 நிமிஷம், இறக்க அதே அளவு. புறா பறந்த நேரத்தை விட கார்டு ரீடர் முன்னாடி உக்காந்த நேரம் அதிகமாப் போயிடும்.

இப்ப டீபாட். ஆர்எஃப்சி 2324, 1998 ஏப்ரல் 1, எழுதினவர் லாரி மசின்டர். காபி மெஷினை இன்டர்நெட் வழியா இயக்கறதுக்கான விதிமுறை. காபி போட ப்ரூ-ன்னு ஒரு கட்டளை. பாலை ஊத்திட்டே இருக்கும்போது போதும்னு நிறுத்த வென்-னு ஒரு கட்டளை. காபின் நீக்கின காபிக்கு ஆப்ஷனே குடுக்கல, “அதைக் குடிச்சு என்ன பிரயோஜனம்”னு எழுதிட்டுப் போயிட்டார். நம்ம ஃபில்டர் காபி ஆளுங்க கைதட்டுவாங்க. டீபாட்டுக்கு யாராவது காபி போடச் சொல்லிக் கட்டளை அனுப்பினா, அது 418-ங்கற நம்பரைத் திருப்பி அனுப்பணும். கூட வர்ற பதில் குள்ளமா, குண்டா இருக்கலாம்னு ஒரு வரி. எல்கேஜி பசங்க பாடற டீபாட் ரைம்ஸை வெச்சு அடிச்ச ஜோக் அது. 2017-ல புரோகிராமிங் மொழிகள்ல இருந்து இந்த 418-ஐ எடுத்துடலாம்னு ஒரு யோசனை வந்துச்சு, எதிர்ப்புக் கிளம்பி விட்டுட்டாங்க. 2022-ல வந்த எச்டிடிபி (பிரவுசரும் வெப்சைட்டும் பேசிக்கற முறை) விதிமுறையில அந்த நம்பரை வேற யாருக்கும் குடுக்காம ஒதுக்கியே வெச்சிருக்காங்க.

வீட்டுலயே பாக்கறது சுலபம். பிரவுசர்ல டபிள்யூ டபிள்யூ டபிள்யூ டாட் கூகுள் டாட் காம், ஸ்லாஷ், டீபாட்னு அடிங்க. டீபாட் படத்தோட 418-னு பக்கம் வரும். போன்னா கையில சாய்ச்சுப் பாருங்க, கம்ப்யூட்டர்னா படத்தைக் கிளிக் பண்ணுங்க, டீ ஊத்தும். இது வெறும் படம்தானேன்னு சந்தேகம் வந்தா எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் டேபுக்குப் போய், அப்புறம் பக்கத்தை ரீலோட் பண்ணுங்க. இந்த வரிசை முக்கியம், டேபைத் திறக்கறதுக்கு முன்னாடி போன ரிக்வெஸ்ட் எதுவும் அதுல தெரியாது. முதல் வரியில ஸ்டேட்டஸ் கட்டத்துல 418 இருக்கும்.

கமாண்ட் வழியாப் பாக்கறவங்களுக்கு கர்ல்னு ஒரு புரோகிராம் இருக்கு, வெப்சைட் அனுப்பற பதிலை எழுத்தாக் காட்டும்: கர்ல், மைனஸ் பெரிய ஐ, அப்புறம் முகவரி. விண்டோஸ் 10, 11-ல கர்ல் கூடவே வருது. ஆனா விண்டோஸோட வர்ற பவர்ஷெல்-ங்கற நீலக் கமாண்ட் ஜன்னல்ல வெறும் கர்ல்னு அடிச்சா, அது வேற கமாண்டோட புனைபேர், சிவப்பு எழுத்துல எரர் கொட்டும். கர்ல் டாட் ஈஎக்ஸ்ஈ-ன்னு முழுசா அடிங்க. பதில்ல 418 மட்டும் வந்து “நான் டீபாட்”ங்கற வாசகம் வரலையேன்னு பயப்பட வேண்டாம். எச்டிடிபி-யோட ரெண்டாம் பதிப்புல நம்பர் மட்டும்தான் அனுப்பணும், வாசகத்துக்கு இடமே கிடையாது.

வேற ஏதாவது வெப்சைட்ல திடீர்னு 418 வந்தா, அது ஜோக் இல்ல. தானியங்கி புரோகிராம்னு சந்தேகப்பட்டா சில சர்வர்கள் இந்த நம்பரைக் குடுத்துத் திருப்பி அனுப்பும். விபிஎன் போட்டிருந்தா நிறுத்திப் பாருங்க, ஸ்கிரிப்ட் ஓட்டறீங்கன்னா வேகத்தைக் குறைங்க.

கடைசியா, ஃபார்வர்ட்ல ஆர்எஃப்சி நம்பர் இருந்தா ஆர்எஃப்சி ஹைஃபன் எடிட்டர் டாட் ஆர்க் போய் அந்த நம்பரை அடிங்க. முதல் பக்கத்துல தேதியைப் பாருங்க. மத்த ஆவணங்கள்ல பெரும்பாலும் மாசமும் வருஷமும் மட்டும்தான் இருக்கும். ஜோக் ஆவணத்துல ஏப்ரல் 1-ம் தேதின்னு நாளையும் சேத்துப் போட்டிருப்பாங்க. நம்பரே இல்லாம “இன்டர்நெட் விதிப்படி”ன்னு மட்டும் ஒருத்தர் அனுப்பினா, எந்த விதி, நம்பர் என்னன்னு அனுப்பினவரையே கேளுங்க. அடுத்த கேள்வி, ரவுட்டர் சூடாகறது பத்தி கேட்டிருக்காங்க.