மாடலிங்கிலிருந்து நடிப்புக்கு
(பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரை)

தாமிரபரணித் தண்ணி குடித்து வளர்ந்த தம்பிமாரே, தங்கைமாரே, வணக்கம்.

துணிக்கடை விளம்பரத்திலும் ராம்ப்பிலும் நின்று பழகிய உங்களில் பலருக்கு அடுத்த ஆசை சினிமா. நடக்கிற காரியம்தான். விளம்பரங்களில் வந்துகொண்டிருந்த அரவிந்த் சாமி 1991-ல் 'தளபதி'யில் அறிமுகமாகி, மறு வருஷமே 'ரோஜா'வில் நாயகனானார். த்ரிஷாவுக்கு அத்தனை சீக்கிரம் அமையவில்லை. 1999-ல் மிஸ் சென்னை. அதே வருஷம் 'ஜோடி'யில் தோழியாகச் சின்ன வேடம். நாயகியாகப் படம் வெளிவர 2002 ஆயிற்று. அப்படிக் காத்திருக்கும் காலத்தில் எதைப் பழக வேண்டும், எதை மறக்க வேண்டும் என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் கை. விளம்பரத்தில் ஒரு டப்பாவை எடுத்தால் லேபிள் லென்ஸைப் பார்க்கணும், விரல் பெயரை மறைக்கக் கூடாது. அந்தப் பழக்கமே நடிப்பில் காலை வாரும். சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் பக்கம் அல்வா வாங்கித் தின்கிறவரைக் கவனியுங்கள். சூடு பொறுக்காமல் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுகிறார், ஊதுகிறார்; கண் மட்டும் வரவேண்டிய சில்லறை மேல். தன் முகம் எப்படித் தெரிகிறது என்ற நினைப்பே அவருக்கு இல்லை. இதையே மாடலிங் பழகியவர் செய்தால் அல்வா நெஞ்சு உயரத்தில் வந்து நின்றுவிடும், தாடை தானாக வெளிச்சத்துப் பக்கம் திரும்பிவிடும். வெங்காயம் உரித்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ வசனம் பழகுங்கள். பத்து நாளில் கை போஸை மறக்க ஆரம்பிக்கும்.

போட்டோவுக்கு ஒரு கணம் சரியாக அமைந்தால் போதும். சினிமாவில் அதே காட்சியைத் தூரத்து வைட், இடுப்பளவு மிட், முகத்தை நெருங்கிய குளோஸப் என்று திரும்பத் திரும்ப எடுப்பார்கள். எந்தக் கையால், எந்தச் சொல்லில் டம்ளரை எடுத்தீர்களோ அது எல்லா டேக்கிலும் ஒன்றாக இருக்கணும். மாறினால் எடிட்டரால் ஒட்ட முடியாது. நிற்க வேண்டிய இடத்துக்கு அடையாளமாகத் தரையில் ஒட்டிய டேப்பைக் குனிந்து பார்க்காமல் அதன்மேல் வந்து நிற்கவும் தெரியணும். அரை அடி தள்ளி நின்றால் குளோஸப்பில் ஃபோகஸ் போய்விடும். டேப்பிலிருந்து பின்னோக்கி நடந்து எத்தனை எட்டு என்று முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குரல். 1994-ல் உலக அழகியான ஐஸ்வர்யா ராய்க்கு முதல் படம் தமிழில்தான், 1997-ல் வந்த 'இருவர்'. அதில் அவருக்குக் குரல் கொடுத்தவர் நடிகை ரோகிணி. நம்ம பிள்ளைகளுக்கு மொழி வாயிலேயே இருக்கிறது. அதைப் போய் ஒளித்து வைக்கிறீர்களே என்றுதான் எனக்கு ஆதங்கம்! "ஏல, எங்கல ஓடுத? பைய போ" என்று வீட்டில் கேட்கிற அந்த இழுவையைத் தொலைத்துவிடாதீர்கள். ஒரே வசனத்தை நெல்லைப் பேச்சிலும் பொதுவான பேச்சிலும் தினம் 15 நிமிஷம் பதிவு செய்து கேளுங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல் கேட்காமல் போகிறதா? மூச்சு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். எங்கே மூச்சு எடுப்பது என்று வசனத்தாளில் கோடு போடுங்கள்.

வேடம் தர முன்பணம் கேட்டால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

ஆடிஷன் வீடியோவுக்கு வெறும் சுவரும் எதிரே ஜன்னல் வெளிச்சமும் போதும். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்தால் முகம் கறுத்துவிடும். பெயர், உயரம், இடப்பக்கம், வலப்பக்கம் காட்டிவிட்டு ஒரு நிமிஷக் காட்சி. எதிர் வசனம் சொல்பவர் லென்ஸை ஒட்டி நிற்கட்டும். அவர் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். முடிந்ததும் போனை அணைக்க ஓட வேண்டாம். இரண்டு நொடி அந்தப் பாத்திரமாகவே நில்லுங்கள்.