0.01 மில்லிகிராம் ஆவி பண்ற வேலை | அமீன் லேப் வ்லாக்

வணக்கம். மணி ராத்திரி ஒன்பதரை, லேப்ல நான் மட்டும்தான். பின்னாடி உறுமுறது டிஎஸ்சி மிஷினோட கூலர். ஒரு பொருளைச் சூடாக்கும்போது அது எவ்ளோ வெப்பம் வாங்குதுன்னு அளக்குற மிஷின் அது.

கையில இருக்குறது எம்டிஇஏங்கிற அமீன் வேதிப்பொருளோட கரைசல், எடையில சரிபாதி தண்ணி. கிணத்துலேருந்து வர்ற இயற்கை எரிவாயுவுல கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடெல்லாம் கலந்திருக்கும்ல? இந்த மாதிரி அமீன் கரைசல் 40 டிகிரி வாக்குல அதை உறிஞ்சிக்கும். 120 பக்கம் சூடாக்கினா விட்டுரும். ஆறவெச்சு மறுபடி வாயுவை உறிஞ்ச அனுப்புவாங்க. பாட்டம்ஸ்னு ஒருத்தர் 1930லேயே இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார்.

ஒவ்வொரு சுத்துக்கும் எவ்ளோ வெப்பம் வேணும்? அதுக்குத்தான் தன்வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிராமை ஒரு டிகிரி ஏத்தத் தேவையான வெப்பம். தண்ணிக்கு கிராமுக்கு, டிகிரிக்கு 4.18 ஜூல். இதுக்குச் சுமார் 3.5. ஒரு டன் கரைசலை 70 டிகிரி ஏத்த 245 மெகாஜூல். நான் குடுக்குற எண்ணுல 5 சதவீதம் பிசகினா, டன்னுக்கு 12 மெகாஜூல் பிசகும். அதை நம்பி ஒருத்தர் வெப்பப் பரிமாற்றி வடிவமைப்பாருங்க!

டிஎஸ்சில அளக்க மூணு ஓட்டம்: காலி பான் (மூடி போட்ட குட்டிக் கிண்ணம்), நீலக்கல், அப்புறம் கரைசல். நீலக்கல்லோட மதிப்பு துல்லியமா தெரியும், அதோட ஒப்பிட்டுக் கணக்குப் போடுறோம்.

போன வாரம் 60 டிகிரி தாண்டினதும் ஏற்புத்திறன் கோடு சரசரன்னு மேல ஏறுச்சு. நான் அதை நிஜம்னே நம்பிட்டேன். ரெண்டு நாள் காரணம் தேடினேன். கடைசியில பானை எடுத்து எடை போட்டா, குறைஞ்சிருக்கு. மூடி சரியா அழுந்தல, தண்ணி ஆவியாயிருக்கு.

கணக்கைப் பாருங்க. 20 மில்லிகிராம் கரைசலை ஒரு டிகிரி ஏத்த 70 மில்லிஜூல் போதும். ஆனா வெறும் 0.01 மில்லிகிராம் தண்ணி ஆவியானாலே 24 மில்லிஜூல் போயிடும். 0.01ங்கிறது எங்க தராசோட கடைசி இலக்கம்! அன்னிலேருந்து ஓட்டத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை போடாம எந்த எண்ணையும் நோட்டுல ஏத்துறதில்ல.

அடுத்தது கார்பன் டை ஆக்சைடு ஏத்தின கரைசல். வைலண்ட்ங்கிற ஆய்வாளரோட குழு 1997ல வெளியிட்ட அளவீடுகள்ல, வாயு ஏற ஏற ஏற்புத்திறன் குறையுது. உள்ள உண்டாகுற அயனிகள் தண்ணியை இறுக்கிப் பிடிச்சுக்குது. ஆனா சூடாக்கினா வாயு வெளிய வரப் பாக்கும், அந்த வெப்பமும் கணக்குல கலந்துரும். அதனால அழுத்தம் தாங்குற பான் வேணும்.

இருங்க, ஓட்டம் முடிஞ்சுது. பானோட எடை முன்னாடி 71.42 மில்லிகிராம். இப்போ... கேமராவைக் கிட்ட கொண்டுவரேன்... 71.42. அப்பாடா!