பிளெட்சர் டெஸ்ட்ராயருக்கு எந்தப் பெயின்ட் சரி? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, கப்பல் மாடல் செய்கிற ஒரு நண்பரிடமிருந்து. “அமெரிக்காவின் பிளெட்சர் வகை டெஸ்ட்ராயர் மாடல் வாங்கினேன். இணையத்தில் தேடினால் ஒரு படத்தில் கப்பல் முழுக்கக் கோணல்மாணலான பட்டைகள். இன்னொரு படத்தில் கீழே கருநீலம், மேலே சாம்பல். டார்பிடோ குழாய்கள் ஒன்றில் இரண்டு தொகுதி, மற்றதில் ஒன்றுதான். எதை நம்புவது?”

இரண்டையும் நம்பலாம். முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது நிறத்தை அல்ல, தேதியை. டெஸ்ட்ராயர் என்பது வேகமாக ஓடும் சிறிய போர்க்கப்பல். இரண்டாம் உலகப் போர்க்கால பிளெட்சர் வகையில் மொத்தம் 175 கப்பல்கள். 1942 முதல் 1945 தொடக்கம் வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கடற்படையில் சேர்ந்தன. அந்தந்த நேரத்தில் எந்த ஆபத்தை அதிகம் பயந்தார்களோ, அதற்குத் தக்கபடி பெயின்டும் மாறியது, பீரங்கிகளும் மாறின.

பீரங்கியிலிருந்து ஆரம்பிக்கலாம். வரைபடத்தில் இந்தக் கப்பல் ஐந்து 5 அங்குலப் பீரங்கி, ஐந்தைந்து குழாய்களாக இரண்டு தொகுதி டார்பிடோ, கொஞ்சம் இலகுரக விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள், அவ்வளவுதான். போர் தொடங்கிய பிறகுதான் விமானம் எவ்வளவு பெரிய ஆபத்து என்று புரிந்தது. 1943 நடுவில் வந்த கப்பல்களில் 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் என்ற விமான எதிர்ப்பு இரட்டைப் பீரங்கிகள் ஐந்து இருந்தன: கேப்டன் நின்று கப்பலை நடத்தும் பிரிட்ஜுக்கு முன்னால் இரண்டு, பின் புகைபோக்கியின் இருபுறமும் இரண்டு, பின்பக்கம் மூன்றாம், நான்காம் பீரங்கிகளுக்கு நடுவே ஒன்று. கூடவே 20 மில்லிமீட்டர் ஓர்லிகான் துப்பாக்கிகள்.

இதில் ஒரு சிக்கல். 115 மீட்டர் நீளத்துக்குக் கப்பல் ஒல்லியானது. மேலே மேலே எடை ஏற்றினால், வைக்கோலை உயரமாக அடுக்கிய வண்டி மாதிரி சாயப் பார்க்கும். அதனால் எதையாவது ஏற்றினால் வேறொன்றை இறக்கியாக வேண்டும். பின்னால் வந்த கப்பல்களில் பீரங்கிகளைக் குறிபார்க்கும் டைரக்டரையே ஒரு தளம் கீழே இறக்கினார்கள். பிரிட்ஜின் வடிவமும் மாறியது. முதல் கப்பல்களில் முகப்பு வளைவாக, மூடியிருக்கும். விமானம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேப்டன் வெளியே நின்று சுற்றிப் பார்க்க முடியவில்லை. பிறகு வந்தவற்றில் முகப்பு சதுரமானது, அதைச் சுற்றி நடக்கத் திறந்த நடைபாதை வந்தது. உங்கள் பெட்டியில் இருப்பது எந்த வகை என்று இதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எல்லா மாற்றமும் புத்திசாலித்தனமானது என்று நினைக்காதீர்கள். பிரிங்கிள், ஸ்டீவன்ஸ், ஹால்ஃபோர்ட் என்ற மூன்று கப்பல்களில் மூன்றாம் பீரங்கியையும் பின் டார்பிடோ தொகுதியையும் கழற்றிவிட்டு, கிங்ஃபிஷர் மிதவை விமானத்தைப் பறக்கவிடும் கேட்டபுல்ட் வைத்துப் பார்த்தார்கள். போன விமானம் தண்ணீரில் இறங்க வேண்டும், அதைக் கிரேனால் தூக்கி எடுக்க வேண்டும். இவ்வளவு சின்னக் கப்பலில் அது நடக்கிற காரியமா? 1943-லேயே அகற்றிவிட்டு வழக்கமான அமைப்புக்குத் திரும்பினார்கள். மாடலாகச் செய்ய மட்டும் அருமையான விஷயம்!

சரி, பெயின்ட். அமெரிக்கக் கடற்படை ஒவ்வொரு உருமறைப்பு முறைக்கும் ஓர் எண் வைத்தது. அதைத்தான் ‘மெஷர்’ என்பார்கள். மெஷர் 21 என்றால் மொத்தக் கப்பலும் கருநீலம், டெக்கும் நீலம். மேலிருந்து பார்க்கும் விமானிக்குப் பசிபிக் கடலோடு கலந்து போக வேண்டும் என்பது நோக்கம். மெஷர் 31, 32, 33 என்பவைதான் நீங்கள் பார்த்த பட்டைகள். 31 அடர்த்தியான நிறங்கள், 32 நடுத்தரம், 33 வெளிர். 1944-ல் பசிபிக்கில் இவை மிக அதிகம். இந்தப் பட்டைகள் கப்பலை மறைப்பதற்கில்லை. நீர்மூழ்கியின் பெரிஸ்கோப்பில் பார்ப்பவன், கப்பல் எந்தத் திசையில், எந்தக் கோணத்தில் போகிறது என்று கணித்தால்தான் டார்பிடோவை அதற்கு முன்னால் குறிவைத்து விட முடியும். முன்பக்கம் எது, பக்கவாட்டு எங்கே முடிகிறது என்று அவன் கண்ணைக் குழப்பினால் போதும், கணக்குத் தப்பும். இந்த வடிவங்களில் இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி இருக்கும். ஒரு பக்கப் படத்தை வைத்து மறுபக்கத்தைக் கண்ணாடி பிம்பமாக வரைந்துவிடாதீர்கள்.

1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸின் லெய்ட்டேவில் கமிகாசி தாக்குதல், அதாவது ஜப்பானிய விமானி விமானத்தோடு கப்பல் மேல் மோதும் தற்கொலைத் தாக்குதல், தொடங்கியதும் கதை மாறியது. தலைக்கு மேலே வந்து விழுகிறவனுக்குப் பக்கவாட்டுப் பட்டை என்ன செய்யும்? 1945 தொடக்கத்திலிருந்து பட்டைகளை அழித்துவிட்டு மெஷர் 21, 22 (கீழே கருநீலம், மேலே சாம்பல்) என்று திரும்பினார்கள். ஜப்பானின் ஒகினாவா தீவருகே, வரும் விமானங்களை ரேடாரில் முன்கூட்டியே கண்டு எச்சரிக்கத் தனியாக நின்ற டெஸ்ட்ராயர்கள்தான் அதிகம் அடி வாங்கின. ஏப்ரல் 6 அன்று புஷ், கொல்ஹூன் என்ற இரண்டு பிளெட்சர்கள் ஒரே நாளில் மூழ்கின. 16-ஆம் தேதி, முன்பு விமானம் சுமந்த அதே பிரிங்கிளும் போனது.

உங்கள் டார்பிடோ சந்தேகத்துக்குப் பதில் இங்கேதான். 1945-ல் பழுதுபார்க்க வந்த கப்பல்களில் பலவற்றில் முன் டார்பிடோ தொகுதியை எடுத்துவிட்டார்கள். நடுவிலிருந்த இரண்டு இரட்டை போஃபர்ஸ் போய், நான்கு குழல் பீரங்கிகள் இரண்டு வந்தன. போஃபர்ஸ் குழல்கள் 10-லிருந்து 14 ஆயின. ஓர்லிகான்களும் இரட்டையாயின. எதிரிக் கப்பல் மேல் டார்பிடோ விடும் வாய்ப்பு அநேகமாகப் போய்விட்டது, அதனால் அதைத் தியாகம் செய்ததில் தப்பில்லை என்பது என் அபிப்பிராயம்.

இதை நேரில் பார்க்க, லூசியானாவின் பேட்டன் ரூஜில் உள்ள கிட் என்ற அருங்காட்சியகக் கப்பலே சிறந்த ஆதாரம். 1945 ஏப்ரல் 11 அன்று கமிகாசி மோதி அதில் 38 பேர் இறந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவின் ஹன்டர்ஸ் பாயின்டில் சரிசெய்தபோது மேலே சொன்ன மாற்றங்கள் நடந்தன. 1945 ஆகஸ்டில் எப்படி இருந்ததோ, அந்தத் தோற்றத்துக்கே மீட்டு வைத்திருக்கிறார்கள்.

கிட் கப்பலைச் செய்வதானால் மெஷர் 22. கீழே கருநீலம், மேலே வெளிர் சாம்பல். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டெக்கின் விளிம்பு முன்பக்கம் மேல்நோக்கி வளைந்து போகும். நீலக்கோடு அந்த வளைவோடு போகக் கூடாது. டெக் விளிம்பு எங்கே மிகத் தாழ்வாக இருக்கிறதோ, அந்த உயரத்தில், நீர்மட்டத்துக்கு இணையாக நேர்கோடாகப் போக வேண்டும். அதனால் முன்பக்கத்தில் நீலத்துக்கு மேலே சாம்பல் ஆப்பு மாதிரி தெரியும். தூரத்தில் அந்தக் கோடு தொடுவானத்தோடு சேர்ந்துகொள்ளும், எதிரிக்குத் தூரம் கணிப்பது சிரமமாகும். டேப்பை டெக் விளிம்பில் ஒட்டாமல், மாடலைச் சமதளத்தில் நிறுத்தி, ஒரே உயரத்தில் பென்சிலை வைத்து மாடலைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டு ஒட்டுங்கள்.

சரியான நிறம் எது என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளை அடிப்படைப் பெயின்டில் கருநீலப் பேஸ்ட்டைக் கலந்துதான் சாம்பல், நீலம் எல்லாமே தயாரித்தார்கள். கலக்குகிற ஆள், அளவு, வெயில், உப்புக்காற்று எல்லாம் சேர்ந்து கப்பலுக்குக் கப்பல் சாயல் மாறும். 1945-ல் நீலநிறமி தட்டுப்பாட்டால் நீலம் கலக்காத சாம்பலும் வந்தது. யாராவது “ஷேடு தப்பு” என்று சொன்னால் இதைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. பெட்டியைத் திறந்து பிரிட்ஜைப் பாருங்கள். முகப்பு வளைவாக இருந்தால் கிட் கப்பலின் 661 என்ற எண்ணை ஒட்டாதீர்கள், அது சதுர பிரிட்ஜ் கப்பல். வளைவான பிரிட்ஜுக்கு 445, அதாவது பிளெட்சர் கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள்.