எந்தப் பாசறையைப் பூட்டி வைப்பது?

நடுவர் ஐயா அவர்களே, அவையோரே, வணக்கம். பழைய ராணுவக் கட்டடங்களைக் காக்க அருங்காட்சியகமே வழி என்று எதிரணி நண்பர் பேசி அமர்ந்தார். அன்றாடப் புழக்கமே வழி என்பது எங்கள் அணி. நம் சிங்கப்பூரின் டெம்ப்சி குன்றில் பழைய பாசறை உணவகங்களாகியிருப்பதைக் காட்டி, நண்பர் "சிப்பாய் படுத்துறங்கிய இடத்தில் இலை போட்டுச் சாப்பிடுகிறோமே, தகுமா?" என்று உருக்கமாகக் கேட்டார்.

சரி, அந்தக் குன்றுக்கே போவோம். முதலில் அது சாதிக்காய்த் தோட்டம். 1860களில் அங்கே பிரிட்டிஷ் படைக்குத் தங்ளின் பாசறை எழுந்தது. தொடக்கத்தில் அத்தாப்பு என்னும் பனையோலை வகைக் கூரை, ஓடு வந்தது பிறகுதான். நீளநீளமான கட்டடங்கள், செங்குத்தாகச் சரியும் கூரை, அகன்ற தாழ்வாரம், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற எதிரெதிரே கதவுகள். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் பயந்து கட்டிய கட்டடம் ஐயா அது! பலர் ஒன்றாகத் தங்கவும் உண்ணவும் கட்டியது.

கெட்டிக்காரனை இன்றும் "அவன் பெரிய எம்டன்" என்கிறோமே, 1914இல் சென்னைமீது குண்டு வீசிய அந்த எம்டன் கப்பலைச் சேர்ந்த ஜெர்மானியர்கள் தங்ளினில்தான் சிறைப்பட்டிருந்தார்கள். 1915 பிப்ரவரியில் கலகம் செய்த இந்தியச் சிப்பாய்கள் காவலைத் தாக்கி, அவர்களைத் திறந்துவிட்டதும் அங்கேதான். 1971இல் பிரிட்டிஷ் படை வெளியேறியது. மறு ஆண்டே, கட்டாய ராணுவப் பணியான நம் தேசிய சேவைக்கு இளைஞர்களைப் பதிந்து பரிசோதிக்கும் மத்திய ஆள்பல நிலையம் அங்கே வந்தது, 1989 வரை இருந்தது. அதன் பிறகு மரச்சாமான் கடைகள், உணவகங்கள்.

இப்போது நண்பரைக் கேட்கிறேன். இதில் எந்தப் பாசறையைக் கண்ணாடிக்குள் வைப்பீர்கள்? அத்தாப்புப் பாசறையையா? எம்டன்காரர்களின் சிறையையா? பதினெட்டு வயதுப் பையன்கள் அடையாள அட்டையும் கையுமாக நின்ற நிலையத்தையா? ஒன்றை வைத்தால் மற்றவற்றை அழிக்க வேண்டும். புழக்கம் எதையும் அழிக்கவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனது. பூட்டிய வீட்டுக்குக் கரையான் முதல் விருந்தாளி என்பது இந்த ஈரக்காற்றில் குடியிருக்கும் நமக்குத் தெரியாதா? வாடகைக்கு ஆள் இருந்தால்தான் ஓடு உடைந்த அன்றே மாற்றுவார்கள்.

அந்த இடத்தின் கதையை இளையவர்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும் என்றார் நண்பர். அதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் அந்த ஆள் சீருடை போட்ட வழிகாட்டியாகத்தான் இருக்க வேண்டுமா?

என் அப்பா 1978இல் மருத்துவப் பரிசோதனைக்கு அந்தக் குன்றேறியவர். போன தீபாவளிக்கு அவரை அந்தக் குன்றிலுள்ள சாமிஸ் கறி உணவகத்துக்கு அழைத்துப் போனோம். மீன்தலைக் கறி வந்து ஆறிக்கொண்டிருந்தது, மனிதர் உட்காரவில்லை. தாழ்வாரத்தில் என் மகனை நிறுத்தி, சட்டையைக் கழற்றி வரிசையில் நின்றதையும், பக்கத்தில் நின்ற சீனப் பையன் நடுங்கியதையும், அவனுக்குத் தமிழிலேயே தைரியம் சொன்னதையும் சொல்லிக்கொண்டிருந்தார். மகனுக்கு அடுத்த ஆண்டு தேசிய சேவை அழைப்பு வரும். அவன் அன்று கைபேசியை எடுக்கவே இல்லை, நடுவர் அவர்களே.